மச்சான் கலக்காத கிருஷ்ணாயில்

என் மச்சான் மேல் திருட்டுப் பழி போட்டவன் நான். அவன் திருடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

சொல்லிவிட்டேன். இதோடு நீங்கள் மூடி வைத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆனால்... இதோடு முடிந்ததா? இல்லை. இதைவிடக் கேவலம் ஒன்று பின்னால் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை வருஷம் கை வரவில்லை.

நான் படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. பேச்சும் குறைவு. ஸ்டியரிங் பிடிக்கிறவன் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், வாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அதைப் பார்த்து ஊரில் எனக்கு நல்லவன் என்று பேர். பேசாதவன் நல்லவனா? இவன் ஏன் பேசுவதில்லை என்று ஒருத்தராவது சந்தேகப்பட்டிருக்கலாம். யாரும் படவில்லை.

வீடு கரையான்சாவடியில். டாக்சி ஸ்டாண்டு பூந்தமல்லியில். வெகுகாலம் இன்னொருத்தர் காரைக் கூலிக்கு ஓட்டினேன். அது ஒரு கிழட்டு அம்பாசிடர். ஓட்டி ஓட்டித் தேய்ந்த பிறகு, அந்தக் காரையே அவர் என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது.

பகலில் நான் ஓட்டுவேன். பொழுது சாய்ந்தால் மச்சான் எடுப்பான். என் பெண்சாதி சரோஜாவின் கூடப்பிறந்த தம்பி. பேர் கன்னியப்பன். இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. அவனுக்குப் பெண்சாதி வசந்தா, ஒரே பெண் குழந்தை அம்முலு. அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை.

கன்னியப்பன் எனக்கு நேர் எதிர். பேசிக்கொண்டே ஓட்டுவான். சவாரி ஏறுகிறவன் இறங்கும்போது அவனுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான். எனக்கு அது பிடிக்காது. இவ்வளவு பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். பாருங்கள், எஞ்சின் கெடுவதற்கு முன்பே என் மனசு கெட்டிருந்தது!

வண்டி என் பேருக்கு வந்த முதல் ஆயுத பூஜை. சொந்த வண்டி! எனக்குக் கை கால் ஓடவில்லை. கழுவித் துடைத்து மாலை போட்டேன். எல்லாரும் முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. பானட்டைத் திறந்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பாட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, கார்புரேட்டருக்கு, எல்லாவற்றுக்கும் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

எஞ்சின் பக்கத்தில் கறுப்பாக ஒரு மூடி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதிலிருந்துதான் நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகும். பொறியை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறது அதுதான். எஞ்சினுக்கு உயிர் அங்கேதானே இருக்கிறது என்று அதற்கு மட்டும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

கன்னியப்பன் பக்கத்தில் நின்று சிரித்தான். "இன்னா மாமா, பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாரி பண்றே. அக்காவுக்குக்கூட இவ்ளோ பெரிய பொட்டு வச்சிருக்க மாட்டே!"

நான் சிரிக்கவில்லை.

பூஜைப் பொட்டை நாம் துடைக்கக் கூடாது. அதுவாக உதிர வேண்டும். இது எங்கள் வழக்கம். நான் அதற்கு மேல் ஒரு படி போனேன். வெள்ளிக்கிழமை தோறும் பானட்டைத் திறந்து பழைய பொட்டின் மேலேயே புதுசு வைத்தேன்.

மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எழுந்தது. எழுந்ததும் நொண்டியது. நாலு கால் மாடு மூன்று காலில் ஓடினால் எப்படியோ அப்படி. எங்கள் தொழிலில் இதற்கு மிஸ்ஸிங் என்று பேர். நாலு சிலிண்டரில் ஒன்று பற்றவில்லை.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால் வண்டி இன்னும் தள்ளாடும். சும்மா இருக்கிறதாக இருந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. வேலை செய்யாதவன் இருந்தால் என்ன, போனால் என்ன!

இரண்டாவது வயரைப் பிடுங்கினேன். சத்தம் மாறவில்லை.

அந்தப் பிளக்கைக் கழற்றினேன். கறுத்து, நனைந்து கிடந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் வாசனை. அதோடு வேறு ஏதோ... எண்ணெய் வாசனையா?

டிக்கியைத் திறந்தேன். அங்கே அந்த வாசனை நன்றாகவே அடித்தது. மண்ணெண்ணெய். எங்கள் பக்கம் கிருஷ்ணாயில் என்போம்.

அப்போதெல்லாம் பெட்ரோலில் கிருஷ்ணாயில் கலக்கிற டிரைவர்கள் உண்டு. கலந்தால் பெட்ரோல் காசில் கொஞ்சம் மிஞ்சும். எஞ்சின் நாசமாகும். எஞ்சின் யாருடையது? முதலாளியுடையது. இப்போது முதலாளி யார்? நான்!

சாயங்காலம் சாவி வாங்க வந்தவனிடம் கேட்டேன். "டிக்கில இன்னாடா வாசன?"

"ரேஷன் கடைல கிருஷ்ணாயில் வாங்கினேன் மாமா. அக்காவுக்கும் சேத்துத்தான். டின்னு கொஞ்சம் ஒழுகிடிச்சி போல."

சரோஜாவைக் கேட்டேன். ஆமாம், தனக்கு வாங்கி வந்து கொடுத்தான் என்றாள். என் வீட்டு ஸ்டவ் எரிவதே அவன் வாங்கி வந்த எண்ணெயில்தான். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விட்டேனா? அவன் டின்னில் வாங்கியது எவ்வளவு, அக்காவுக்குக் கொடுத்தது எவ்வளவு, நடுவில் போனது எவ்வளவு... யார் அளந்து பார்த்தார்கள்? இப்படித்தான் போனது என் புத்தி.

"காலைல வண்டி மிஸ்ஸிங் அடிக்குது," என்றேன்.

"என் கையில நல்லாத்தானே ஓடிச்சி மாமா! வெண்ண மாரி போச்சே!"

அவன் சொன்னது உண்மை. அவன் கைக்குப் போகும்போது வண்டி நாள் முழுக்க ஓடிச் சூடாக இருக்கும். அவன் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் ஆறும். விடிவதற்குள் பனியும் ஈரமும் இறங்கும். அதனால் நோய் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இன்றைக்கு இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது வேறு. ராத்திரி இவன் ஓட்டுகிறான், காலையில் கெட்டுப்போய் என் கைக்கு வருகிறது. கெடுத்தவன்தான் கெடவில்லை என்று சாதிப்பான்!

கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் மிஸ்ஸிங் குறையும். அதையாவது நான் யோசித்தேனா? யோசித்தேன். எப்படி? நான் காலையில் புதுப் பெட்ரோல் போடுகிறேன், கலப்படம் நீர்த்துப்போகிறது, அதனால் சரியாகிறது என்று! மழை நாளில் பொழுது முழுக்க நொண்டியது. அன்றைக்கு அவன் அதிகம் கலந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

சந்தேகப்படுகிறவனுக்கு எல்லாமே சாட்சி.

ஸ்டாண்டில் ஒருத்தன் இருந்தான், தாமு என்று. வாய்த்துடுக்குக்காரன். என் வண்டி பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினான். "மாமே! இன்னா இது, உன் வண்டி பம்பு ஸ்டவ் மாரி வாசன அடிக்குது? நைட்டு டிரைவரு இன்னாத்த ஊத்துறாரோ... ஒரு டீ போட்டுக் குடு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

எஞ்சினை நான் பார்க்காமலும் இல்லை. பிளக்கை மாற்றினேன். பாயிண்டைத் தேய்த்தேன். கண்டன்சர் புதுசு போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் பளபளவென்று துடைத்தேன். வெளிப்பக்கம்? தொடவில்லை. அங்கே பொட்டு இருந்தது. சாமிக்கு வைத்த பொட்டு. அதன்மேல் கை படாமல் சுற்றிலும் மட்டும் துடைத்தேன்.

இன்னும் சொல்கிறேன், கேளுங்கள். மிஸ்ஸிங் நிற்காததால் கண்ணேறு என்று பயந்து, வெள்ளிக்கிழமைப் பொட்டை இன்னும் தடிமனாக வைத்தேன். நோய் முற்ற முற்ற நான் பொட்டைப் பெரிதாக்கினேன்!

ஒருநாள் அவனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "கிருஷ்ணாயில் கலக்கிறியாடா?"

அவன் முதலில் சிரித்தான். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தான். நான் வேடிக்கை பேசி அவன் பார்த்ததே இல்லை. பிறகு அவன் முகம் மாறியது.

"மாமா... இன்னா வார்த்த கேட்டே? உன் வண்டி என் வண்டி இல்லையா?"

"கலக்கலன்னா கற்பூரம் அடி."

கற்பூரம் கொளுத்தி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அறைந்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்களிடம் கடைசிச் சத்தியம். அதற்கு மேல் போலீசும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. அக்காள் புருஷன் மச்சானிடம் கேட்கக் கூடாத சத்தியம் அது. நான் கேட்டேன்.

திருவேற்காட்டு அம்மன் கோயில் வாசலுக்குப் போனோம். சரோஜா வரவில்லை. வீட்டு வாசலிலேயே நின்று, "யோவ், வேணாய்யா, அவன் பொறந்தவன்யா எனக்கு," என்று கெஞ்சினாள். வசந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னியப்பன் வழியெல்லாம் பேசவே இல்லை. அவன் பேசாமல் வந்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கற்பூரம் எரிந்தது. அவன் ஓங்கி அறைந்தான். நெருப்பு அணைந்தது. அதோடு நின்றிருக்கலாம். அவனுக்கு ரோஷம். அந்தக் கரி படிந்த கையைத் தூக்கி அம்முலு தலைமேல் வைத்தான்.

"என் புள்ள மேலயும் சத்தியம். நா ஒரு சொட்டு கலக்கல. போதுமா மாமா?"

குழந்தை தன் நெற்றியில் ஒட்டிய கரியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் மழை. சாவியைத் திருப்பினேன். வண்டி நொண்டியது.

அப்படியானால் சத்தியமும் பொய்! பெற்ற பிள்ளை தலையில் அடித்துப் பொய் சொல்கிறானே, இவன் மனுஷனா? ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினேன். கோபத்தில் இல்லை... சொன்னால் நம்புவீர்களா, ஒருவகைத் திருப்தியில். நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்ற திருப்தி. அன்று சாயங்காலம் அவன் வந்தபோது சாவியைக் கொடுக்கவில்லை. "இனிமே வராதே," என்றேன். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். போய்விட்டான்.

கொஞ்ச நாளில் அம்முலுவுக்கு அம்மை போட்டது.

வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் எங்கள் பக்கம் குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார்கள். சின்ன உடம்பு முழுக்க முத்து. தொண்டைக்குள்ளும் போட்டிருந்தது. இளநீர்கூட இறங்கவில்லை. ஜுரம் விடவில்லை. தெருவில் எல்லாருக்கும் திருவேற்காட்டுச் சத்தியம் தெரியும். பிள்ளை தலையில் கை வைத்தவன் பிள்ளைக்கே வந்திருக்கிறது. இனி யார் என்ன சொல்ல வேண்டும்?

எனக்கும் அதே எண்ணம்தான். பயமாகவும் இருந்தது. குழந்தையின் சிரிப்பு அடிக்கடி ஞாபகம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம். நல்ல மழை. வீட்டையொட்டித் தகரக் கூரை போட்டு வண்டியை அதன் கீழே நிறுத்துவேன். மேகம் கவிந்து, பட்டப்பகலில் விளக்கு வைக்கிற அளவுக்கு இருட்டு. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவிவிடலாம் என்று சரோஜாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒருதரம் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று ஸ்டார்ட் பண்ணி, பானட்டைத் தூக்கினேன்.

இருட்டில் அதைப் பார்த்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல், என் பொட்டின்மேல், நீலமாக ஒரு நூல். ஊர்ந்தது. இரண்டாவது வயரின் அடியிலிருந்து கிளம்பி, சந்தனத்தின்மேல் நெளிந்து, மூடியைக் கவ்விப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கியில் போய் மறைந்தது. சொடக், சொடக் என்று சத்தம். அது ஊரும்போதெல்லாம் எஞ்சின் நொண்டியது.

பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பொட்டு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறிய சந்தனமும் குங்குமமும் அதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருந்தன. பாதை போட்டது யார்?

எஞ்சினை நிறுத்தினேன். துணியைப் பெட்ரோலில் நனைத்தேன். சாமி பொட்டு என்று பார்க்கவில்லை. அழுத்தித் துடைத்தேன். கீழே முடி போல ஒரு கறுப்புக் கோடு வெந்து படிந்திருந்தது. அதைச் சுரண்டினேன். காயவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன்.

நாலு சிலிண்டரும் சேர்ந்து ஓடின. ஆக்சிலேட்டரைத் தட்டினேன். ஒரு பிசிறு இல்லை.

முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம்! கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். தொழில்காரனின் சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் கன்னியப்பன் ஞாபகமே வந்தது... இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

சத்தம் கேட்டு சரோஜா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, சத்தம் நல்லா கீது?"

"ஆமா."

"டாங்கு கழுவினியா?"

சிவந்த துணி என் கையில் இருந்தது. அதைக் காட்டி, இதுதான், என் பொட்டுதான், உன் தம்பி மேல் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

"உம்," என்றேன்.

ஒரே ஒரு எழுத்துப்போல ஒரு சத்தம். அதுகூடச் சொல் இல்லை. ஆனால் அவள் கன்னத்தில் கை வைத்தாள். "அப்போ மெய்தானா? கழுவினதும் சரியாப் போச்சே! ஐயோ, பாவி... ஆத்தா மேலயே பொய் சத்தியம் பண்ணிட்டானே!" என்றாள். தம்பிக்காகக் கெஞ்சியவள் அவள். அவளுக்கும் அந்த நொடியில் அவன் திருடன் ஆகிவிட்டான்.

அவள் மழையோடு மழையாக வசந்தா வீட்டுக்கு ஓடினாள். உள்ளே போகவில்லை. தெருவில் நின்றே சொல்லியிருக்கிறாள். டாங்கைக் கழுவினார், வண்டி சரியாகிவிட்டது, உன் புருஷனை ஒத்துக்கொள்ளச் சொல், ஆத்தா இறங்குவாள் என்று.

நான் அந்தத் துணியைத் தெருக் கால்வாயில் போட்டேன். மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

ஏன் சொல்லவில்லை? தாமு சிரிப்பான் என்றா? பொட்டு வைத்து எஞ்சினைக் கெடுத்த முட்டாள் என்று ஸ்டாண்டே சொல்லும் என்றா? கோயில் வாசலில் மச்சானைக் கற்பூரம் அடிக்க வைத்தவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவான் என்றா? எல்லாமும்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் சத்தியத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அவன் வந்தான்.

அம்மை போட்ட வீட்டுக்காரன் அடுத்த வீட்டுக்குள் வரமாட்டான். தெருவிலேயே நின்றான். தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, கையில் வேப்பிலையோடு. எத்தனை நாள் தூங்கவில்லையோ, கண் உள்ளே போயிருந்தது. பின்னால் வசந்தா. எதிர்வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சரோஜா வாசற்படியில் நின்றாள்.

சேற்றில் விழுந்து என் பக்கம் பார்த்துக் கும்பிட்டான்.

"மாமா, நாந்தான் கலந்தேன். தப்புதான். என்ன மன்னிச்சிடு. ஆத்தா என் புள்ளய உட்டுடணும்."

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்கள். அன்றைக்குத் தெரு முழுக்க அப்படித்தான் பார்த்தது. நான் என்ன செய்தேன்? அவனைத் தூக்கினேனா? இல்லைடா, நீ இல்லைடா என்றேனா?

"எவ்ளோ கலந்தே?" என்று கேட்டேன்.

ஆமாம்! கேட்டேன்! கலக்கவே இல்லை என்று தெரிந்தவன் கேட்டேன்!

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? செய்யாத காரியத்துக்கு அளவு எங்கே இருக்கும்? வசந்தாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஒரு... ஒரு லிட்டரு... ரெண்டு இருக்கும் மாமா."

"எங்க வாங்கினே?"

"ரேஷன்ல வாங்கினதுலதான்... அக்காவோட எண்ணெயில எடுத்தேன்."

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் கேட்டேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்புகிறவன் மாதிரி நடிக்கவா? இல்லை... அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது நடந்ததாகவே ஆகிவிடும், நான் குற்றவாளி இல்லை என்றாகிவிடும் என்றா? அவன் என் கண் முன்னால் ஒரு திருட்டை உண்டாக்கிக்கொண்டிருந்தான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"சரி, போ. ஆத்தா மனசு குளிரட்டும்," என்றேன்.

பெரிய மனுஷன் என்றார்கள் தெருவில்.

இரண்டொரு நாளில் ஜுரம் இறங்கியது. முத்து வாடியது. குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் பிழைத்தது. முகத்தில் தழும்பு தங்கிவிட்டது. ஒத்துக்கொண்டான், ஆத்தா இறங்கினாள் என்று ஊர் சொன்னது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவன் உண்மைச் சத்தியம் செய்தபோது வந்தவள், பொய் சொன்னதும் ஏன் இறங்கினாள்? அவளுக்குத் தெரியாதா? பொட்டின்மேல் நெருப்பு ஊர்ந்ததை என்னைத் தவிர பார்த்தவள் அவள் ஒருத்திதானே! அவளும் என் பக்கம் சேர்ந்துகொண்டாளா? அந்தக் கோயில் பக்கம் சவாரி வந்தால் வாசலில் இறக்கிவிட்டு உடனே திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

கன்னியப்பனுக்குப் பூந்தமல்லியில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஆவடியிலும் கொடுக்கவில்லை. அவனே ஒத்துக்கொண்ட திருட்டாயிற்றே, யார் கொடுப்பார்கள்? வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனான். லாரியில் கல் ஏற்றுகிற வேலை. லாரி ஓட்டுகிற வேலையில்லை, கல் ஏற்றுகிற வேலை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோனார்கள். சரோஜா தம்பியோடு பேசினாள். ஆனால் அவன் எதையாவது கையில் எடுத்தால், "டேய், அளந்து வச்சிருக்கேன்," என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். அவனும் சிரிப்பான். முன்பு போலப் பேசுவது நின்றுவிட்டது. என்னைவிடக் குறைவாகப் பேச ஆரம்பித்தான்.

அவன் என் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றிருக்கும். தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டே சிரிக்கிறானா? அவன் சாப்பிடுகிற மாதிரியை, செருப்பு மாட்டுகிற மாதிரியைக்கூடக் கவனித்தேன். பழைய சந்தேகம் என்னை விடவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். அம்முலுவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகை வைக்கக் கன்னியப்பன் தனியாக வந்தான். தலை நரைத்திருந்தது. வெற்றிலைத் தட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காபி குடித்தான். பஸ் ஏற்றிவிட நான் மெயின்ரோடு வரைக்கும் கூடப் போனேன்.

நிறுத்தத்தில் நின்றோம். அவன் பேசினான்.

"மாமா. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நா ஒத்துகினது பொய்யி. நா கிருஷ்ணாயில் கலக்கவே இல்ல. புள்ளக்கோசரம் சொன்னேன்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இத்தினி வருஷம் திருப்பிச் சொல்ல பயம். மறுபடி ஆத்தா அவமேல வந்துட்டா இன்னா பண்றதுன்னு. இப்போ இன்னொரு ஊட்டுக்குப் போப் போறா. அதான் தெகிரியமா சொல்றேன்."

"உம்."

"அம்முலு என்ன நம்ப மாட்டேங்குது மாமா. என் தலையில கை வச்சி நீ பொய் சத்தியம் பண்ணே, உன்னாலதான் என் மூஞ்சி இப்டி ஆச்சின்னு சொல்லுது. சின்ன வயசுல இருந்து சொல்லுது. நா சொன்னா எடுபடாது. நீ ஒரு வார்த்த சொன்னா நம்பும். உன் வண்டிதானே அது... வேற இன்னாவோ கோளாறு, உங்கப்பன் இல்லன்னு சும்மா சொல்லு. பொய்யாவாச்சும் சொல்லு மாமா."

பொய்யாகவாவது!

உண்மையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் பிச்சை கேட்டான். நான் வாயைத் திறந்தால் போதும். அவன் தெரு நடுவில் நின்று அழுதிருப்பான். என்னை அறைந்திருப்பான். எதுவாக இருந்தாலும் அது அவனுக்குச் சேர வேண்டியது.

"நீயாவது என்ன நம்புறியா மாமா?" என்று கேட்டான்.

"பஸ் வருது பாரு," என்றேன்.

ஏறினான். போய்விட்டான்.

கல்யாணத்தன்று தாலி ஏறியதும் பெரியவர்கள் காலில் விழ வைத்தார்கள். அம்முலு மாலையும் கழுத்துமாக முதலில் எங்கள் முன்னால் வந்தாள். அவளுக்கு நான்தான் பெரிய மனுஷன். அவள் அப்பா செய்த தப்பை மன்னித்த மாமா. குனிந்து நிமிர்ந்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் பவுடருக்கு அடியில் குழி குழியாகத் தெரிந்தது. "மாமா, வாழ்த்துங்க," என்றாள்.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் நின்றான். பெண்ணைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இரும்மா," என்றேன்.

இன்னும் ஏதோ வரும் என்று அவன் காத்திருந்தான். அவள் அடுத்தவர்கள் காலில் விழப் போய்விட்டாள். அவன் பந்தல் காலை விட்டுவிட்டு, பந்தி போடுகிற இடத்துக்குப் போய் இலை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். எனக்கும் அவன்தான் இலை போட்டான். தண்ணீர் தெளித்தான். சாப்பிடு மாமா என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னை எதுவும் கேட்டதில்லை.